உரச்சாக்குக் குழாயும் ஒரு அபிடவிட்டும்

“…அதான் யாரு வேணா பண்லாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே. அப்புறம் இன்னாத்துக்கு சார் இந்த வெயில்ல ஜீப்பப் போட்டுக்கினு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க?”

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊருக்குப் போகும் சாலையோரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையின் வாசலில் நின்று ஏகாம்பரம் இப்படிக் கேட்டார். கேட்டது ஒரு பெரிய பிளாஸ்டிக் கம்பெனியின் எஞ்சினியரை. எஞ்சினியருக்குப் பின்னால் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவன் நான். அவர் சொன்ன அந்த ‘எழுதிக் குடுத்தது’ நான் எழுதியது. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன மாதம், நான் ஓய்வு பெற்ற நிறுவனத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் நான்கு சொல்லைத் தட்டினால் உலகத்துப் பழைய காப்புரிமை அத்தனையும் வந்து கொட்டுகிறதாம். அதனால் ஒரு பொருள் புதியதா பழையதா என்று சொல்வது சுலபம். ஆனால் புதியதாகவே இருந்தாலும், அது யாருக்கும் தோன்றக்கூடியதுதானா என்பதை எப்படி முடிவு செய்வது, உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கிப் பாதியிலேயே எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் பயந்துபோய்க் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆகவே எழுதுகிறேன்.

நான் மானாம்பதிக்காரன். பதினோராம் வகுப்பு, டைப்ரைட்டிங் ஹையர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு காப்புரிமை ஏஜெண்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, அடுத்தவன் விண்ணப்பத்தை எதிர்ப்பது, இரண்டும் அங்கே வேலை. எட்டு வருஷம் பிளாஸ்டிக், ரப்பர், சாயம் என்று வந்ததையெல்லாம் தட்டித் தட்டியே எனக்கு ரசாயனம் பிடிபட்டது. ‘அம்மி பக்கத்திலேயே இருந்தால் கல்லுக்கும் காரம் ஏறும்’ என்று எங்கள் அலுவலக பியூன் என்னைக் கேலி செய்வார். அது உண்மைதான்.

எதிர்ப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அரசிதழில் சுருக்கமாக அறிவிப்பு வரும். அதற்கப்புறம் நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ‘கொடுக்காதே’ என்று மனுப் போடலாம். அதற்குச் சொல்லக்கூடிய காரணங்களில் ஒன்று, ‘இதில் புத்தியைச் செலவழித்த எந்தப் படியும் இல்லை, தொழில் தெரிந்த எவனுக்கும் தானாகத் தோன்றியிருக்கும்’ என்பது. அதை நிறுத்துப் பார்க்க ஒரு முறை உண்டு. விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்தது எது? அதிலிருந்து இந்த மனிதன் எவ்வளவு தூரம் தாண்டியிருக்கிறான்? அந்தத் தூரத்தை, விடையைப் பார்க்காத ஒரு சாதாரணத் தொழிலாளி, யாரும் சொல்லாமல் தாண்டியிருப்பானா? ‘விடையைப் பார்க்காத’ என்பதில்தான் நியாயம் முழுவதும் இருக்கிறது. விடையைப் பார்த்துவிட்டால் எல்லாமே லேசு. எங்கள் பக்கம் சொல்வார்கள்: அவிழ்த்துப் போட்ட முடிச்சு வெறும் கயிறாகத்தான் தெரியும்.

எங்கள் ஏஜெண்டுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எதிராகச் செய்வதில் அவர் கெட்டிக்காரர். குரலை உயர்த்த மாட்டார். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். எதிராளியின் விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார், ஏனென்றால் உரிமை கோரும் வாசகம் அங்கேதான் இருக்கும். அதை வாக்கியமாகப் பார்க்காமல் துண்டு துண்டாகச் சிவப்புப் பென்சிலால் வெட்டுவார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து வரச் சொல்வார். இந்தத் துண்டு அங்கே இருக்கிறது, அந்தத் துண்டு இங்கே இருக்கிறது, ஆக எல்லாமே இருக்கிறது, இதில் என்ன புதுமை? அப்படிப் பார்த்தால் தேர் செய்கிற தச்சனும் ஒன்றும் செய்யவில்லை. மரம் காட்டில் இருந்தது, ஆணி கொல்லனிடம் இருந்தது. இதை ஒரு நாள் அவரிடமே சொன்னேன். நகத்தால் என் டைப் பிழை ஒன்றைக் கீறிக் காட்டி, “இதைச் சரி பண்ணுங்க மிஸ்டர்” என்றார்.

எழுபதுகளின் கடைசியில் ஏகாம்பரத்தின் அறிவிப்பு அரசிதழில் வந்தது. நாலு வரி. உரச்சாக்குக் கழிவையும் கச்சா ரப்பரையும் கலந்து பம்ப்செட்டுக்குக் குழாய் செய்யும் முறை, ஊர் உத்திரமேரூர் வட்டம். எங்கள் கட்சிக்காரர் ஒரு பெரிய கம்பெனி, குழாய் விற்கிறவர்கள். எதிர்க்கச் சொன்னார்கள். முழு விவரத்தின் நகல் இன்னும் கைக்கு வரவில்லை. ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டார். “அது உங்க ஊர்ப் பக்கம்தானே மிஸ்டர்? ஒரு நடை போய்ப் பேசிட்டு வாங்க. பேசினதை எழுதிக்குங்க.”

போனேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ‘மெட்ராஸ்ல பேட்டண்ட் பேப்பர் பாக்கிற ஆபீஸ்லேர்ந்து வர்றேன், சொந்த ஊர் மானாம்பதி’ என்றேன். எந்தப் பக்கத்து ஆள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மானாம்பதி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே அவருக்குச் சின்னம்மா வீடு. “அப்ப நீ நம்ம ஆளு தம்பி” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அவர் அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் மிஷின் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிப் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். காலி உரச்சாக்கைக் கடைத்தெரு பாய் ஒருவர் சேர்த்துக் கொடுப்பார். சாக்கின் வெளித்துணி ஒரு ஜாதி பிளாஸ்டிக், பாலிபுரோப்பிலீன். நன்றாகச் சூடேறினால்தான் இளகும். உள்ளே இருக்கும் உறை பாலிதீன், லேசான சூட்டிலேயே உருகிவிடும். இரண்டையும் உருக்கிக் கலந்தால் கலந்த மாதிரி தெரியும். குழாயாக இழுத்தால் வாழைப்பட்டை மாதிரி நீளவாக்கில் உரிந்துவிடும். இரண்டையும் ஒட்டவைக்க ஏதாவது வேண்டும். அவர் கச்சா ரப்பரைப் போட்டார்.

கொட்டகையைச் சுற்றி வேலி இருந்தது. கம்பி வேலி இல்லை. உரிந்துபோன, வெடித்துப்போன, பல்லிளித்த குழாய்களைக் கொண்டு பின்னிய வேலி. “எல்லாம் இவரு சம்பாரிச்சது” என்றார் அவர் மனைவி. “ஊர்ல அவனவன் முள்ளு வெட்டி வேலி போடுவான். எங்க வூட்டுக்காரரு பதினோரு மாசம் மிஷினு ஓட்டி வேலி போட்டாரு.”

கடைசியில் சரியாக வந்த குழாயை எடுத்துக் காட்டினார். முறுக்கினேன், மிதித்தேன், மடக்கினேன். அசைந்து கொடுக்கவில்லை. மனமாரத்தான் சொன்னேன், “அண்ணா, இது பெரிய காரியம்ணா.”

அதற்கு அவர் சொன்னது: “இதுல இன்னா தம்பி கீது. நம்ம பக்கம் யாரு வேணா பண்ணுவான்.”

எங்கள் சீமை வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் புகழ்ச்சியைக் கை நீட்டி வாங்க மாட்டார்கள். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைக் கொஞ்சினால் தாய்க்காரி ‘எங்க, சோறே துன்றதில்ல’ என்பாள். கதிர் தலை சாய்ந்து நிற்கிற வயலைப் பார்த்து ‘நல்லா வந்திருக்குதே’ என்றால், ‘ஏதோ கீது, பாதி பதரு’ என்பார் வயல்காரர். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, மரியாதை பாதி. ‘ஆமாம், நான் பெரிய வேலை செய்தேன்’ என்று சொல்கிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். எனக்கு இது தெரியாதா? தாய்ப்பாலோடு குடித்தது. இருந்தும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை அப்படியே எழுதினேன்.

சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. பாலிதீன், பாலிபுரோப்பிலீன், ரப்பர், மூன்றையும் தனித்தனிக் கூடையில் என் முன்னால் வைத்தார். “நீதான் ரப்பரு பிளாஸ்டிக்குன்னு இத்தினி பேப்பரு பாத்துக்கினு கீறியே. உன் மனசுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிப் போடு, பாக்கலாம்.”

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். முதலில் மூன்றையும் ஒன்றாகப் போட்டேன்; புண்ணாக்கு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு யோசித்து, கடினமானதை முதலில் இளக்கி, அப்புறம் பாலிதீன், கடைசியில் ரப்பர். படித்த எல்லாப் புத்தகத்திலும் அந்த வரிசைதான். ரப்பர் கருகி நாறியது. மூன்றாவதாகக் கடினமானதோடு ரப்பரைச் சேர்த்துவிட்டுப் பாலிதீனைப் பிறகு போட்டேன். குழாய் வந்தது, கையால் இழுத்ததும் இரண்டாகப் பிளந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “மானாம்பதிக்காரரே, வேலிக்கு ஒரு மொழம் பத்தல, அதையும் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

அப்புறம் அவரே செய்து காட்டினார். அவருடைய வரிசை தலைகீழ். ரப்பரை முதலில் லேசான சூட்டில் பாலிதீனோடு பிசைந்துவிடுகிறார். பிசைந்ததை உடனே பயன்படுத்தாமல் ஒரு நாள் முழுக்கக் கிடத்தி வைக்கிறார். முந்தின நாள் பிசைந்து வைத்தது அங்கே இருந்ததால் மீதியையும் அன்றே காட்டினார். மறுநாள் அதைப் பொடிசாக நறுக்கி, இளகிய பாலிபுரோப்பிலீனில் பிடிப் பிடியாக, ஒரு பிடி கரைந்த பிறகு அடுத்த பிடி என்று சேர்க்கிறார். எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்திலும் இதையேதான் எழுதியிருந்தார் என்று நகல் வந்த பிறகு பார்த்தேன். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு, பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நகர்கிற வரைக்கும் நின்றார்.

மறுநாள் ஏஜெண்ட் என் நோட்டைப் படித்தார். அந்த ஒரு வரியில் சிவப்புப் பென்சில் நின்றது.

“இது அவரே சொன்னதா?”

“சொன்னார் சார். ஆனா…”

“‘ஆனா’வை எதிர்த்தரப்பு எழுதிக்கும் மிஸ்டர். அவர் சொன்னதை மட்டும் நீங்க எழுதுங்க.”

நான் மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் கெடுத்ததைச் சொன்னேன். பதினோரு மாதத்து வேலியைச் சொன்னேன். ‘நீங்க தொழிலாளி இல்லையே, உங்க தோல்வி சாட்சியாகாது’ என்றார். ஆனால் நான் கேட்டு வந்த பேச்சு மட்டும் சாட்சியாகுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோறு வடித்துக் கொடுத்தவனே நான்தான் என்பது இன்றைக்கும் நெஞ்சைச் சுடுகிறது. ஆங்கிலத்தில் அபிடவிட் தயாரானது. ‘மேற்படி விண்ணப்பதாரர் தம் முறையை அப்பகுதியில் எவரும் செய்யக்கூடியது என்று தாமே ஒப்புக்கொண்டார்.’ நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள், வாடகை வீடு. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணை அன்று ஏகாம்பரம் வக்கீல் இல்லாமல் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சுற்றிய குழாய். எதிர்ப்பக்கம் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு தலையசைத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டை நான் திருப்பிக் கொடுத்தேனா என்று நினைவில்லை.

விசாரணை அதிகாரி பொறுமையான மனிதர். தமிழிலேயே கேட்டார். ஏஜெண்ட் தம் துண்டுகளையெல்லாம் கடை விரித்தார். ரப்பர் ஒட்டவைக்கும் என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது, பாலிதீனில் ரப்பர் கலப்பது இன்னொன்றில் இருக்கிறது, மீதி இருப்பது முன்னே பின்னே போடுகிற வரிசைதானே என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று அதிகாரி கேட்டார். கேட்டவுடன் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே என் அபிடவிட்டை எடுத்து நீட்டினார். புத்தகம் எதற்கு, அவரே சொல்லியிருக்கிறாரே என்றார்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். “இப்படிச் சொன்னீங்களா?”

“சொன்னேங்க.”

“யார் வேணா பண்ணலாம்னா?”

“ஆமாங்க. மனுசன் நல்லா கீதுன்னு சொன்னா, வேற இன்னாங்க சொல்றது?”

“அன்னிக்கு வேற ஏதாவது நடந்ததா? சொல்ல வேண்டியது எதுவும் இருக்கா?”

அப்போது அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். ‘இவரையே போடச் சொன்னேன், மூணு வாட்டி கெடுத்தாரு’ என்றால் முடிந்தது. விடையைப் பார்க்காத, தொழில் ஓரளவு தெரிந்த ஒருவனுக்கு அந்த வரிசை தோன்றவில்லை என்பதற்கு என் இரண்டு கைகளே சாட்சி. சட்டம் ஏட்டில் கேட்கிற சோதனையை அந்த மனிதர் மூன்று கூடையை வைத்து நடத்திக் காட்டியிருந்தார். சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், சொல்லிவிட மாட்டாரா என்றுகூட ஏங்கினேன். நான் எழுந்து சொல்ல வேண்டியதை அவர் சொல்லட்டும் என்று எதிர்பார்த்த என் புத்தியை என்ன சொல்ல.

“ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

வராந்தாவில் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஏன் அண்ணா சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. “என் வூட்ல கை நனச்ச ஆளு நீ. உன்ன நாலு பேரு எதிர்ல கையாலாவாதவன்னு சொல்லச் சொல்றியா? அது இன்னா பொழப்பு தம்பி.” குழாயைத் தோளில் சரி செய்துகொண்டு படியிறங்கினார்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. காப்புரிமை இல்லை. காரணங்களில் முதலாவதாக என் வரி.

இனிமேல்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிற பகுதி. தடை நீங்கியதும் கம்பெனி தானே அந்தக் குழாயைச் செய்ய இறங்கியது. ஏகாம்பரத்தின் விண்ணப்பம் அச்சில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். படித்தார்கள். ஒரு நாள் கிடத்தி வைப்பது கிராமத்துச் சோம்பல் என்று நினைத்தார்கள். பிடிப் பிடியாகப் போடுவது பெரிய மிஷின் இல்லாத ஏழையின் வேலை என்று நினைத்தார்கள். பிசைந்த கையோடு மொத்தமாகக் கொட்டினார்கள். குழாய் வாழைப்பட்டையாக உரிந்தது. எழுதியிருந்ததை நம்பாமல், அந்த ஆள் ஏதோ ரகசியத்தை மறைத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம். இவர்களோ நெய்யே கண்ணெதிரில் வடியும்போது, கேப்பைக்காரன் ஏமாற்றுகிறான் என்றவர்கள். இது எவனுக்கும் தோன்றக்கூடியது என்று சாதித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொல்லிக் கொடுத்த பிறகும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஆனால் வழக்கு முடிந்துபோயிற்று. சாட்சியைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது?

ஊர்க்காரன் கூட இருந்தால் நல்லது என்று ஏஜெண்ட் என்னை அவர்களோடு ஜீப்பில் அனுப்பினார். அப்படித்தான் அந்தக் கொட்டகை வாசலில் நின்றோம். அப்படித்தான் ஏகாம்பரம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எஞ்சினியர் நல்ல வார்த்தையாகத்தான் பேசிப் பார்த்தார். விண்ணப்பத்தில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வேண்டிய மரியாதை செய்கிறோம் என்றார். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் அதுலயே கீது. ஒண்ணும் வுடல” என்றார். “சரி, கேட்டீங்க. நிழல்ல குந்துங்க, தோ வந்துட்றேன்.”

மிஷினை நிறுத்தினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பக்கம் போனார். அரை மணி நேரம் நாங்கள் அந்த வேலியின் நிழலில் நின்றோம். அவர் மனைவி எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் சொம்பைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தவரின் சட்டைப்பைக்குள் மடக்காமல் வளைத்து வைத்த ஒரு தாள் இருந்தது. பத்திர ஆபீஸ் வாசல் வெண்டரிடம் வாங்கிய முத்திரைத்தாள். அதை எடுத்துக் கவிழ்த்துப்போட்ட ட்ரம் மேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு துண்டுக் குழாயை மேலே வைத்தார்.

“ஒண்ணும் பெருசா வாணாம். ‘எங்களுக்குத் தோணல, இவராண்ட கேட்டுத் தெரிஞ்சிக்கினோம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. இப்பவே எதிர்ல நின்னு செஞ்சி காட்றேன்.”

எஞ்சினியர் தாளைப் பார்த்தார். கம்பெனி சார்பில் அப்படியெல்லாம் எழுத அதிகாரம் இல்லை என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஜீப்பில் போய் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். ஏகாம்பரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேனா மூடியைத் திருகிக் கழற்றினார். வேட்டி முனையால் முள்ளைத் துடைத்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.